கடமலைக்குண்டில் எல்லாரும் பாஸ்!

‘‘பாஸ் இருக்கா பாஸ்?’’

தேனியிலிருந்து வருசநாடு போகிற பஸ்ஸில் கண்டக்டர் கேட்ட கேள்வி இது. கேட்கப்பட்டவன் ப்ளஸ் டூ படிக்கிற பையன். முதுகில் பை, காதில் ஒயர். ‘‘இருக்கு பாஸ்’’ என்று சட்டைப் பையைத் தட்டினான். எடுத்துக்கூடக் காட்டவில்லை. கண்டக்டரும், ‘‘ஓ.கே. பாஸ்’’ என்று அடுத்த ஸீட்டுக்கு நகர்ந்துவிட்டார்.

மூன்றே வாக்கியம். நாலு பாஸ். அதில் ஒன்றுதான் பஸ் பாஸ். மற்ற மூன்றும் மனிதர்கள். இங்கிலீஷ்காரன் இரண்டு எழுத்து, இரண்டு உச்சரிப்பு என்று தனித்தனியாக வைத்திருக்கும் சமாசாரத்தை நாம் ஒரே ‘பா’வில் முடித்துவிட்டோம். சிக்கனம்!

போகிற வழியெல்லாம் வேடிக்கை பார்க்க மலை இருந்தது. ஆனால், நான் பாஸ்களை எண்ண ஆரம்பித்துவிட்டேன். கண்டமனூர் வருவதற்குள் இருபதைத் தாண்டியது. அதோடு எண்ணுவதை நிறுத்திக்கொண்டேன். சுண்டல் விற்றவரும் பாஸ், சில்லறை கேட்டவரும் பாஸ், காலை மிதித்தவரும் பாஸ். மிதிபட்ட நானும் பாஸ்தான்: ‘‘ஸாரி பாஸ்!’’

*

கடமலைக்குண்டு எங்கே இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு: தேனி மாவட்டம், ஆண்டிபட்டி தாலுகா. ‘கடமலை - மயிலை ஒன்றியம்’ என்று செல்லமாகச் சொல்வார்களே, அதில் பாதி இது. மறு பாதி, மயிலாடும்பாறை. மதுரை மாவட்டத்தைப் பிரித்துத் தேனியைத் தனி மாவட்டமாக அறிவித்தது 1996-ல். சென்னையிலிருந்து போகிறவர்களுக்கு இப்போது ரயிலும் உண்டு. மதுரை - போடி மீட்டர்கேஜ் லைன் 2010-ல் மூடப்பட்டு, பன்னிரண்டு வருஷக் காத்திருப்புக்குப் பிறகு 2022-ல் அகலப் பாதையில் தேனிக்கு வந்தது. அடுத்த வருஷம் போடிக்கும் போய்விட்டது.

ஊரை ஒட்டி வைகை. அணைக்கு மேலே இருக்கிற வைகை என்பதால் ‘மூல வைகை’ என்று பேர். வருசநாட்டு மலையில் பிறந்து வடக்கே பார்த்து ஓடி, பிறகுதான் மதுரை ஞாபகம் வந்து கிழக்கே திரும்புகிறது. நான் போனது பங்குனி மாசம். ஆற்றில் தண்ணீருக்குப் பதிலாக கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது. பௌலரும் பாஸ், பேட்ஸ்மேனும் பாஸ். அம்பயர் மட்டும் ‘டேய்’.

கரை நெடுகத் தென்னந்தோப்பு. மலைப் பக்கம் போனால் இலவ மரங்கள். நீங்கள் தலையை வைத்துத் தூங்குகிற இலவம்பஞ்சு தலையணை இந்தப் பக்கத்து மரத்தில் காய்த்ததாக இருக்கலாம். அதற்கும் அந்தாண்டை வருசநாடு, மேகமலைக் காடுகள். ஸ்ரீவில்லிபுத்தூரையும் மேகமலையையும் சேர்த்து 2021-ல் புலிகள் காப்பகம் ஆக்கியிருக்கிறார்கள். (புலியை யாரும் பாஸ் என்று கூப்பிடுவதாகத் தகவல் இல்லை.)

ஆபீஸ் நண்பர் ஒருவருக்கு சொந்த ஊர் இது. புது வீடு கட்டிப் பால் காய்ச்சுகிறார். இரண்டு நாள் சி.எல். எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தேன். பால் காய்ச்சியது காலை ஆறு மணிக்கு. பாக்கி இருந்த ஒன்றரை நாளில் செய்த ஆராய்ச்சிதான் இது.

முதலில் அகராதி. கடமலைக்குண்டு மெயின் ரோட்டில், டீக்கடைக்கும் டூவீலர் ஒர்க் ஷாப்புக்கும் நடுவே நின்று தொகுத்தது:

‘பாஸ், கொஞ்சம் தள்ளி உக்காருங்க’ - உங்கள் பேர் எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் உத்தேசமும் இல்லை.

‘பா...ஸ்...’ (ராகம் போட்டு) - ஒரு ஐந்நூறு ரூபாய் தேவைப்படுகிறது.

‘என்ன பாஸ்!’ - கொடுக்க மாட்டேன் என்றதும் வருவது.

‘பாஸு பாஸு பாஸு!’ - பைக்கில் பின்னால் ஏற்றிக்கொள்ளுங்கள், மயிலாடும்பாறை வரைக்கும்தான்.

‘ஹலோ பாஸ்!’ - சண்டை ஆரம்பம். சட்டையின் மேல் பட்டனைக் கழற்றவும்.

‘விடுங்க பாஸ்’ - சண்டை முடிவு.

‘அவரு பெரிய பாஸு’ - அவர் ஒன்றுமே இல்லை.

‘சரி பாஸ்’ - நீங்கள் பேசியது போதும், நான் போனைப் பார்க்க வேண்டும்.

கவனித்தீர்களா? இத்தனை அர்த்தத்திலும் ‘மேலதிகாரி’ என்பது மட்டும் இல்லை. சந்தேகம் இருந்தால் உங்கள் மானேஜரை ‘பாஸ்’ என்று நேரில் கூப்பிட்டுப் பாருங்கள். உண்மையான பாஸுக்கு நாம் வைத்திருக்கும் பேர் ‘சார்’. அவர் ரூமை விட்டுப் போன பிறகு வைத்திருக்கும் பேர் வேறு.

*

தமிழ்நாட்டுக்குள் பாஸ் வந்ததே கொஞ்சம் கெட்ட சகவாசத்தோடுதான். பழைய கறுப்பு வெள்ளைப் படங்களை நினைத்துப் பாருங்கள். மலைக்குகைக்குள் சிவப்பு, பச்சை பல்பு எரியும். சுழல் நாற்காலியில் முதுகைக் காட்டியபடி ஒருவர் இருப்பார். கோடு போட்ட பனியன் அடியாள் ஓடி வந்து, ‘‘சரக்கு வந்துடுச்சு பாஸ்!’’ என்பான். கொள்ளைக் கூட்டத் தலைவன்தான் பாஸ். மரியாதைப்பட்ட ஆள் யாரும் அந்தப் பேரை வைத்துக்கொள்ளவில்லை.

2007-ல் ரஜினி வந்தார். ‘சிவாஜி’ படத்தில் பாஸ் நல்லவராகிவிட்டார். 2010-ல் ‘பாஸ் என்கிற பாஸ்கரன்’. வேலை வெட்டி இல்லாமல், காலேஜ் பரீட்சையில் பாஸாகாமல் திரியும் பாஸ். அப்போதுதான் பாஸ் நம்ம தெருவுக்குள் வந்தார். பின்னே 2017-ல் கமல், ‘பிக் பாஸ்’ என்று வீட்டு ஹாலுக்கே கூட்டிக்கொண்டு வந்தார்.

அந்த நிகழ்ச்சியின் பூர்வீகம் ஹாலந்து. அங்கே 1999-ல் ‘பிக் பிரதர்’ என்ற பெயரில் தொடங்கி, உலகம் சுற்றி வந்து இந்தியாவில் பாஸ் ஆனது. இதில் வேடிக்கை, ‘பாஸ்’ என்ற சொல்லுக்கும் பூர்வீகம் ஹாலந்துதான். டச்சு பாஷையில் ‘பாஸ்’ என்றால் எஜமான், வேலையை மேய்க்கிற மேஸ்திரி.

டச்சுக்காரர்கள் நமக்கு அந்நியர்களா என்ன? பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் கோட்டை கட்டிக்கொண்டு வியாபாரம் பண்ணியவர்கள்தானே. போகும்போது ‘துட்டு’ என்ற சொல்லை விட்டுப்போனார்கள். ‘கக்கூஸ்’ என்ற சொல்லையும் விட்டுப்போனார்கள். இரண்டும் அத்தியாவசியம். ஆனால், பாஸை மட்டும் நேராக நம்மிடம் கொடுக்கவில்லை. அது அமெரிக்கா வழியாகச் சுற்றிக்கொண்டு வந்தது.

நியூயார்க், ஒரு காலத்தில் டச்சுக்காரர்களின் ஊர். பேர்: நியூ ஆம்ஸ்டர்டாம். 1664-ல் இங்கிலீஷ்காரர்கள் அதைப் பிடித்துப் பேரை மாற்றினார்கள். ஊர் கை மாறினாலும் டச்சு வார்த்தைகள் தங்கிவிட்டன. அதில் ஒன்று பாஸ்.

அங்கே அப்போது கூலி வேலை செய்த வெள்ளைக்காரர்களுக்கு ஒரு தர்மசங்கடம். வேலை கொடுப்பவரை ‘மாஸ்டர்’ என்று கூப்பிட வேண்டும். ஆனால், அடிமைகள் தங்கள் சொந்தக்காரனைக் கூப்பிடுகிற சொல்லும் அதேதான். ‘நான் கூலிக்காரன்தான், அடிமை இல்லையே!’ என்று அவர்களுக்கு ரோஷம். மாஸ்டரை விட்டுவிட்டு டச்சுக்காரனின் பாஸைப் பிடித்துக்கொண்டார்கள். ஃபெனிமோர் கூப்பர் என்ற பிரபல நாவலாசிரியர் 1838-ல் எழுதிய புத்தகத்தில், ‘இரண்டுக்கும் அர்த்தம் ஒன்றுதானே, இதென்ன பாசாங்கு?’ என்கிற ரீதியில் கோபித்துக்கொண்டிருக்கிறார். அவருக்கென்ன, அவர் யாரையும் மாஸ்டர் என்று கூப்பிட வேண்டியிருந்ததில்லை.

இதே சொல் இன்னொரு கப்பலில் ஏறித் தென்னாப்பிரிக்கா போனது. 1652-ல் டச்சுக்காரர்கள் அங்கே கேப் முனையில் இறங்கினார்கள். அங்கே நடந்தது தலைகீழ். கறுப்பர்கள் வெள்ளைக்காரனைப் பார்த்தால் ‘பாஸ்’ என்று சொல்லியே ஆக வேண்டும். சொல்பவருக்கு அறுபது வயது, கேட்பவனுக்குப் பதினாறு என்றாலும் அவன்தான் பாஸ். நிறவெறி அரசாங்கமே தன் ஆதிக்கத்துக்கு இந்தச் சொல்லிலிருந்துதான் பேர் வைத்துக்கொண்டது: ‘பாஸ்காப்’.

பக்கத்தில் இலங்கைக்குப் போனால் கதை இன்னொரு மாதிரி. அங்கேயும் டச்சுக்காரன் ஆண்டான். சிங்களத்தில் இன்றைக்கும் தச்சரையும் கொத்தனாரையும் ‘பாஸ் உன்னெஹே’ என்று மரியாதையாக அழைக்கிறார்கள். கைத்தொழில் தெரிந்தவர்தான் அங்கே பாஸ்.

ஒரே சொல். நியூயார்க்கில் ரோஷம். தென்னாப்பிரிக்காவில் அடிமைத்தனம். கொழும்பில் கொத்தனார். கடமலைக்குண்டில்?

*

மறுநாள் காலை நண்பரின் பந்துக்கள் ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். நான் தேங்காய் உரிக்கிற களத்தின் பக்கம் போனேன். நட்டு வைத்த கடப்பாரையில் குத்தி, இரண்டு திருகு திருகினால் மட்டை தனி, காய் தனி. மலை மாதிரி குவிந்திருந்தது. ஓரமாகப் புளிய மரத்து நிழலில் பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். எழுபத்தைந்து இருக்கும். முன்பு மரம் ஏறிக்கொண்டிருந்தவர். இப்போது முழங்கால் ஒத்துழைக்கவில்லை. எண்ணிக்கை பார்க்கிற வேலை.

லோடு ஏற்ற பைக்கில் வந்து இறங்கினான் அவர் பேரன். பின்னாலேயே இன்னொரு பைக். அதில் வந்தவன் தோப்புக்காரர் வீட்டுப் பையன். இரண்டு பேருக்கும் இருபது, இருபத்தொன்று.

‘‘என்ன பாஸ், லேட்டு?’’ - இது தோப்புக்காரர் வீட்டுப் பையன்.

‘‘பஞ்சர் பாஸ்’’ - இது பேரன்.

அவ்வளவுதான். இரண்டு பேரும் போனைப் பார்த்துச் சிரித்தபடி நகர்ந்தார்கள். பெரியவர் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

‘‘என்னய்யா அப்படிப் பாக்குறீங்க?’’

‘‘ஒண்ணுமில்ல தம்பி. இந்தப் பயலோட தாத்தாவும் நானும் ஒரே வயசு. சின்னப் பயலா இருக்கையில எங்கய்யாகூட இந்தத் தோப்புக்கு வருவேன். எங்கய்யாவுக்கு அப்ப அம்பது வயசிருக்கும். அந்தப் பயலைப் பாத்தா தோள்துண்டை எடுத்துக் கக்கத்துல வச்சுக்கிட்டு ‘சொல்லுங்க சாமி’ம்பாரு. அவன் பத்து வயசுப் பய. எங்கய்யாவ ‘எலேய், இங்கிட்டு வாடா’ம்பான். அவனா கெட்டவனெல்லாம் இல்ல. அவங்க வீட்டுல அப்படிப் பழக்கியிருக்காக. எங்க வீட்டுல எங்களை இப்படிப் பழக்கியிருக்காக.’’

மட்டை உரிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

‘‘அவன் பேரன் என் பேரனப் ‘பாஸ்’ங்கிறான். என் பேரனும் திருப்பி ‘பாஸ்’ங்கிறான். அதுக்கு என்னா தம்பி அர்த்தம்?’’

டச்சு, அமெரிக்கா என்று நான் படித்ததையெல்லாம் சொல்ல வாயைத் திறந்தேன். ‘‘முதலாளின்னு அர்த்தம் ஐயா’’ என்று மட்டும் சொன்னேன்.

பெரியவர் கொஞ்சம் யோசித்தார். ‘‘ரெண்டு பேருமா?’’ என்றார். அப்புறம் பொக்கை வாய் திறந்து சிரித்தார் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு.

இந்த இடத்தில் கொஞ்சம் பூகோளம், கொஞ்சம் சரித்திரம். பஸ்ஸில் தாண்டி வந்தோமே கண்டமனூர், அது ஜமீன் ஊர். வடவீர பொன்னையா எழுதிய ‘வருசநாட்டு ஜமீன் கதை’ படித்தவர்களுக்கு அந்த ஜமீனின் வாழ்வும் வீழ்ச்சியும் தெரிந்திருக்கும். 1948-ஆம் வருஷத்துச் சட்டம் சென்னை மாகாணத்தில் ஜமீன்களை ஒழித்தது. (தென்னாப்பிரிக்காவில் நிறவெறிக் கட்சி ஆட்சிக்கு வந்ததும் அதே 1948-ல்தான்!) நிலத்தைச் சட்டம் போட்டு மாற்றலாம். ‘வாடா’வையும் ‘சாமி’யையும் மாற்ற எந்தச் சட்டசபையில் மசோதா கொண்டுவருவது?

சட்டசபை என்றதும் இன்னொரு விஷயம். இந்த ஆண்டிபட்டித் தொகுதிக்கும் நியூயார்க்குக்கும் ஒரு பந்தம் உண்டு. 1984 தேர்தலில் எம்.ஜி.ஆர். ஆண்டிபட்டியில் நின்றபோது நியூயார்க் புரூக்ளினில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தார். ஊருக்கே வராமல் ஜெயித்தார். புரூக்ளின் என்பதும் டச்சுக்காரன் வைத்த பேர்தான். 2002-லும் 2006-லும் ஜெயலலிதா இங்கேதான் ஜெயித்தார். ‘தலைவர்’, ‘அம்மா’ என்று கூப்பிட்டுப் பழகின மண் இது. கூப்பிடுகிற சொல்லின் கனம் இந்த ஊர்க்காரர்களுக்கு நன்றாகவே தெரியும்.

தமிழில் முன்பின் தெரியாதவரைக் கூப்பிடுவதுபோலக் கஷ்டம் வேறில்லை. வாயைத் திறப்பதற்குள் அவர் வயசு தெரிய வேண்டும், வசதி தெரிய வேண்டும், நீயா நீங்களா என்று முடிவு பண்ண வேண்டும். கிராமத்தில் இன்னும் சிக்கல். யாரை ‘மாமா’ என்று கூப்பிடலாம், யாரை ‘அண்ணே’ என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதற்கெல்லாம் சாதிக்குச் சாதி கணக்கு உண்டு. உறவுமுறை சொல்லிக் கூப்பிடுவது பாசம் மட்டுமில்லை சார், எல்லைக்கல்லும்கூட. பாஸுக்கு அந்தக் கணக்கு எதுவும் இல்லை. அதற்கு வயசு இல்லை, தெரு இல்லை, முறை இல்லை. எவனோ டச்சுக்காரன் வீட்டுச் சொல் என்பதால் நம்ம ஊர் அழுக்கு இன்னும் ஒட்டவில்லை.

*

ரொம்பவும் சந்தோஷப்பட்டுவிட வேண்டாம்.

களத்துக்கு அந்தப் பக்கம் நிழலில் மூன்று பெண்கள் இலவங்காய் உடைத்துப் பஞ்சை எடுத்துக்கொண்டிருந்தார்கள். தலைமுடி, புருவம் எல்லாம் பஞ்சு. ‘‘உங்களை யாராச்சும் பாஸ்னு கூப்பிட்டிருக்காங்களாக்கா?’’ என்றேன்.

ஒரே சிரிப்பு. ‘‘எங்களையா? நாங்க ‘இந்தாம்மா’ தம்பி. அவசரம்னா ‘ஏய்!’’’

இன்னொரு அம்மா திருத்தினார்: ‘‘குழுவுல லோன் வாங்கியிருக்கோம்ல, தவணை கட்டுற அன்னிக்கு மட்டும் ‘மேடம்’பாக!’’

பாஸ் ஆண்பால் என்பது இலக்கணத்தில் இல்லாத இலக்கணம்.

திரும்பி வரும்போது பேரனைப் பிடித்தேன். ‘‘தாத்தா உங்களைப் பாத்து ரொம்ப சந்தோஷப்படுறார் பாஸ்’’ என்றேன். வெட்கப்பட்டான். ‘‘ரெண்டு பேரும் ஒண்ணாப் படிச்சீங்களா?’’

‘‘ஆமா பாஸ். ஆறாப்புல இருந்து ஒண்ணாத்தான். கிரிக்கெட்லயும் ஒரே டீம்.’’

‘‘அவங்க வீட்டுக்குப் போனா அங்கயும் பாஸ்தானா?’’

பைக்கின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: ‘‘வீட்டுக்கா? வெளியில நின்னு ஹாரன் அடிப்பேன் பாஸ். அவன் வந்துருவான்.’’

சாதாரணமாகத்தான் சொன்னான். குறையாகச் சொல்லவில்லை. கிக்கரை உதைத்துக் கிளம்பியும் போய்விட்டான். எனக்குத்தான் அந்த ஹாரன் சத்தம் காதிலேயே நின்றது. தாத்தா காலத்துத் தோள்துண்டு போய்விட்டது. ரோடு, டீக்கடை, ஆற்று மணல், தோப்பு என்று பாஸ் ரொம்ப தூரம் வந்துவிட்டார். வாசல்படிக்குக் கொஞ்சம் முன்னால் வண்டியை நிறுத்திவிட்டு ஹாரன் அடித்துக்கொண்டிருக்கிறார். உள்ளே கூப்பிட வேண்டியது வீட்டிலிருப்பவர்கள்.

ஆனாலும் நான் பாஸ் கட்சிதான். காரணம், தென்னாப்பிரிக்காவுக்கும் கடமலைக்குண்டுக்கும் ஒரே ஒரு வித்தியாசம். அங்கே அது ஒருவழிப் பாதை. கூப்பிட்டவரை யாரும் திருப்பிக் கூப்பிடவில்லை. இங்கே ‘‘என்ன பாஸ்?’’ என்றால் ‘‘பஞ்சர் பாஸ்’’ என்று பதில் வருகிறது. போன சொல் அதே உருவத்தில் திரும்பி வருகிறதா என்பதுதான் கணக்கு. திரும்பி வந்தால் மரியாதை. வராவிட்டால் அது எந்தப் பாஷைச் சொல்லாக இருந்தாலும் ‘சாமி’தான்.

இந்தப் பரீட்சையை நம்ம ஆபீஸிலும் வைத்துப் பார்க்கலாம். கேட்டில் நிற்கும் வாட்ச்மேன் நம்மை ‘சார்’ என்கிறார். நாம் அவரை என்னவென்று கூப்பிடுகிறோம்? டீ கொண்டுவருகிற ஐம்பது வயதுக்காரரை? தினமும் தரை துடைக்கும் அம்மாவை? அவர்களுக்குப் பேர் இருக்கிறது என்பதாவது தெரியுமா? இதில் எத்தனை பேர் பாஸ், எத்தனை பேர் ஃபெயில் என்று நீங்களே மார்க் போட்டுக்கொள்ளுங்கள்.

திங்கட்கிழமை காலை வாட்ச்மேனுக்கு, ‘‘வணக்கம் பாஸ்!’’ சொல்லிப் பாருங்கள். முதல் நாள் திரும்பிப் பார்ப்பார், வேறு யாரையோ கூப்பிடுவதாக நினைத்து. நாலாவது நாள், ‘‘என்ன பாஸ், லேட்டு?’’ என்று அவர் கேட்டால் கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் பாஸ்.

மானேஜரிடம் மட்டும் இந்தப் பரிசோதனை வேண்டாம். இன்க்ரிமென்ட் மாசம்!